சனிக்கிழமையை நீட்டிய ஜூடி

ஜூடி இறந்துபோன செய்தி எனக்கு நான்கு மணி நேரம் தாமதமாக வந்தது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியிலிருந்தே எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆறு முறை. என் போன் அணைக்கப்பட்டு, சமையலறையில் மேல் அலமாரியில் கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்து, நான்கு வயது மகள் மித்ரா சுட்டுத் தந்த பிளாஸ்டிக் தோசைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிர்க் கட்டடத்தில் இருக்கும் நஸ்ரீன் அக்கா. என்னோடு அதே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். மூச்சு வாங்க நின்றார்.

"கயலு, உனக்கெல்லாம் போன் எதுக்கு? உள்ள போ, உக்காரு மொதல்ல. ஜூடி போயிட்டாங்க."

"எங்கே போயிட்டாங்க?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டபோதுதான் புரிந்தது. காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்தவர், அப்படியே. இதயம். வயது ஐம்பத்திரண்டு.

நான் போனை அணைத்து வைக்கப் பழகியதே ஜூடியோடு சேர்ந்துதான். போனைப் பார்க்காத நேரத்தில்தான் ஏதாவது ஆகும் என்பது என் பல நாள் பயம். ஆகிவிட்டது. அதனால்தான் இந்த அஞ்சலியை எழுதவும் தாமதமாகிவிட்டது. எழுதும்முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருந்தது: இனி போனை அணைப்பேனா, மாட்டேனா?

அதற்கு முன் ஜூடி யார் என்று சொல்லிவிடுகிறேன். நம் தமிழ்ச் சங்கத்தில் சிலருக்கு அவரைத் தெரியும். போன பொங்கல் விழாவில் உறியடிக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்று, பானையை விட்டுவிட்டுச் செயலாளரின் மைக் ஸ்டாண்டை ஒரே அடியில் சாய்த்த வெள்ளைக்கார அம்மாள் அவர்தான். கைதட்டலைக் கேட்டுப் பானைதான் உடைந்தது என்று நினைத்து, கண்கட்டை அவிழ்க்காமலே இரண்டு பக்கமும் குனிந்து வணக்கம் சொன்னவர்.

எங்கள் வேலை, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத அந்தத் தாள், அதில் பிழை பார்ப்பது. இருவர் இருவராகச் செய்வோம். ஒருவர் கமா, முற்றுப்புள்ளி உட்பட எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்பார். இன்னொருவர் மூலப் பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டு போவார். "குமட்டல், கமா, தலைசுற்றல், கமா, அரிதாக, மூச்சுத்திணறல், முற்றுப்புள்ளி." மூன்று ஆண்டுகளாக என் ஜோடி ஜூடி. நாள் முழுக்கப் பக்க விளைவுகளை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஒரு அம்மாவின் மனநிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நாங்கள் உண்மையில் பழக ஆரம்பித்தது மேசையில் அல்ல, பார்க்கிங் லாட்டில். மித்ராவின் டேகேரில் பெற்றோர் பார்க்க ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். மதியத் தூக்க நேரத்தில் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பது எனக்கு வழக்கம். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்காதீர்கள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து, காரை மெதுவாக உருட்டிக்கொண்டே கேமராவைப் பார்த்தேன். முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தில் போய் முட்டினேன். இறங்கி வந்தவர் ஜூடி. நான் அழுவதைப் பார்த்துவிட்டுக் காரைப் பார்க்காமல் என் கையில் இருந்த போனை எட்டிப் பார்த்தார்.

"இவதானா உன் பொண்ணு? நல்லாத் தூங்குறாளே ஹனி. நாமதான் இங்க முட்டிக்கிட்டு நிக்கிறோம்."

அவர் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். எனக்குக் கேட்ட மாதிரித் தமிழில் தருகிறேன். என் மனத்தில் அவர் எப்போதும் இப்படித்தான் பேசுகிறார்.

அன்று நல்லவேளையாக முன்னால் நின்றது ஒரு கார். ஒரு ஆளாக இருந்திருந்தால்? அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜூடி என்னைக் கட்டடத்தின் பின்பக்கம் அழைத்துப் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"இன்னைக்கு வியாழக்கிழமை. அதனால குடிக்கிறேன்," என்றார்.

"அதென்ன கணக்கு?"

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை நட்சத்திரம் தெரியும் வரை ஷபாத், ஓய்வு நாள். அன்று போனைத் தொடக் கூடாது, தீ மூட்டக் கூடாது. ஆகவே சிகரெட்டும் கிடையாது. இருபத்தைந்து வருடமாகப் புகைத்தவர் ஜூடி. மற்ற நாட்களில் ஒரு மணி நேரம் தாங்காது. ஷபாத்தில் மட்டும் நாள் முழுக்க அந்த ஞாபகமே வராதாம்.

"ஒரு நாள் எனக்குத் தோணிச்சு. சனிக்கிழமை ஒருத்தி என் வீட்டுல இருக்கா. நல்லாச் சாப்பிடுறா, தூங்குறா, யாரையும் கடிக்கிறதில்லை, சிகரெட் கேக்குறதில்லை. அவளும் நான்தானே? நட்சத்திரம் தெரிஞ்ச உடனே அவளை ஏன் வெளியில அனுப்பணும்? இன்னும் ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போகட்டுமே."

ஓய்வு நாளை அதன் எல்லைக்கு மேலும் கொஞ்சம் நீட்டிக்கொள்வது அவர்களிடம் உள்ள பழைய வழக்கம்தானாம். ஜூடி அதை எடுத்துக்கொண்டார். முதல் வாரம் ஒரு மணி நேரம் நீட்டினார். அடுத்த வாரம் இரண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு மணி. நான் காரை முட்டிய சமயம் அவருடைய சனிக்கிழமை, புதன்கிழமை மதியம் வரை வந்திருந்தது. புதன் மதியத்துக்கும் வெள்ளி மாலைக்கும் நடுவில் மட்டும் புகைத்தார், வெட்கமே இல்லாமல், அனுபவித்து.

"இதுக்கு எனக்கு ஒரு ஜோடி வேணும்," என்றார். "பழைய ஜோடி ஃப்ளோரிடா போயிட்டா. தனியாப் பண்ணினா நான் பொய் சொல்லுவேன்."

குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சீர்செய்யும் பழைய பயிற்சி ஒன்று யூதர்களிடம் உண்டு. முசார் என்று பெயர். ஒரு வாரத்துக்கு ஒரு குணம்: பொறுமை, ஒழுங்கு, மௌனம், நம்பிக்கை. தினமும் நோட்டில் ஒரே ஒரு வரி. வாரம் ஒரு முறை ஜோடியிடம் அதை வாசித்துக் காட்ட வேண்டும். நானோ வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டுப் பெண். "நான் யூதர் இல்லையே?" என்று கேட்டேன். "உன் பதற்றம் எந்த மதம்?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை மதியம், கான்டீனில் ஜன்னலோர மேசை என்று முடிவாயிற்று.

நோட்டையும் மருந்துத் தாளை வாசிக்கிற மாதிரியே வாசிப்போம். "திங்கள், கமா, கேமரா பார்த்தேன், கமா, பதினோரு முறை, முற்றுப்புள்ளி." மற்றவர் அறிவுரை சொல்லக் கூடாது. "வேற?" என்று மட்டும் கேட்கலாம். ஜூடிக்கு அதுதான் கஷ்டம். பிறர் பேசும்போது குறுக்கே பேசாமல் இருக்க அவரால் முடியாது. அவர் குறுக்கே வரும்போதெல்லாம் மேசையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டியது என் வேலை. சில செவ்வாய்களில் பக்கத்து மேசைக்காரர்கள் நாங்கள் தாளம் போடுகிறோம் என்றே நினைத்தார்கள்.

நான் சனிக்கிழமை மாலை மூன்றிலிருந்து நான்கு வரை போனை அணைப்பது என்று தொடங்கினேன். முதல் வாரம் அந்த ஒரு மணி நேரமும் மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மித்ரா பத்தடி தள்ளி விளையாடிக்கொண்டிருக்கிறாள், கேமராவில் பார்க்க டேகேரில் யாருமே இல்லை. ஆனாலும் கை பரபரத்தது. என் கணவர் கார்த்திக் சோபாவிலிருந்து, "அவ இங்கதான் இருக்கா. வேணும்னா நேர்ல பாரேன், பிக்சர் இன்னும் கிளியரா இருக்கும்," என்றார்.

நாலாவது வாரம் ஏமாற்றினேன். குளியலறைக்குள் கார்த்திக்கின் போனை எடுத்துப் போய், குழந்தை காதைத் தேய்த்தால் என்ன நோய் என்று தேடிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அதை வாசித்துவிட்டு, நான் எதற்கும் லாயக்கில்லாதவள், என்னால் ஒன்றுமே முடியாது என்று ஆரம்பித்தேன். ஜூடி மேசையைத் தட்டினார்.

"இதெல்லாம் நோட்டுல இல்லை. உன்னை நீயே திட்டிக்கிறது ஒரு சொகுசு, ஹனி. அழகா உக்காந்து திட்டிட்டு, அதே வேலையை மறுபடியும் பண்ணப் போலாம்."

பிறகு ஒன்று சொன்னார். தவறிலிருந்து திரும்பி வருவதற்கு அவர்கள் வழியில் நான்கு படிகள். செய்ததை வாய்விட்டுச் சொல்வது, வருந்துவது, இனி இல்லை என்று தீர்மானிப்பது. இந்த மூன்றையும் கான்டீனில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். நாலாவது நம் கையில் இல்லை. "அதே இடம் திரும்ப வரணும். அதே ஆசை, அதே பயம், அதே நீ. அப்போ வேற மாதிரி நடந்தாத்தான் திரும்பி வந்ததா அர்த்தம். அது எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. வரும், கவலைப்படாதே. கவலைப்படாதேன்னு உன்கிட்ட சொல்றேன் பாரு!"

நம்பிக்கை என்ற குணத்துக்கான வாரம் வந்தபோது, "எல்லாத்தையும் கடவுள் பாத்துக்குவார்னு நம்பணுமா?" என்று கேட்டேன். "அவ்வளவு பெருசா வேண்டாம். நீ பாக்காதப்பவும் உலகம் நடக்குதுன்னு நம்பு, இந்த வாரத்துக்கு அது போதும்," என்றார்.

நான் ஒரு மணி, இரண்டு மணி என்று நீட்டினேன். சில வாரம் சறுக்கினேன். ஜூடி வியாழக்கிழமையைத் தாண்டினார். வெள்ளிக்கிழமை காலைக்கு வந்தார். ஒரு வெள்ளி மாலை அவருடைய சனிக்கிழமை, வாரத்தை முழுசாகச் சுற்றி வந்து அடுத்த சனிக்கிழமையைத் தொட்டுவிட்டது. இனி புகைக்க ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை.

கொண்டாட அடுத்த திங்கட்கிழமை எவர்சில்வர் தூக்கில் மெதுவடை கொண்டுபோனேன். சுத்த சைவம், முட்டைகூடப் படாத பாத்திரம் என்று பெருமையாகச் சொன்னேன். ஜூடி ஆசையாக முகர்ந்து பார்த்துவிட்டு மூடியைப் போட்டார். அவர்கள் உணவு விதிப்படி பாத்திரம், எண்ணெய், அடுப்பு எல்லாமே கணக்கு. என் முகம் விழுந்துவிட்டது. நஸ்ரீன் அக்காதான் ஏழு வடைகளைக் காலி செய்து என்னைத் தேற்றினார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஜூடி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தார். அவர் வாங்கிய உளுந்து, அவருடைய மிக்ஸி, அவருடைய வாணலி. உளுந்தைத் தட்டில் பரப்பிப் பூச்சி இருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியோடு ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கள் மருந்துத் தாளைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் நான் செய்யலாம், அடுப்பை மட்டும் அவர்தான் பற்றவைக்க வேண்டும் என்பது விதியாம். பழைய சிகரெட் லைட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். "விலகு, விலகு. தீ மூட்டுறதுல என்னை விட அனுபவசாலி இந்த டவுன்ஷிப்புலயே கிடையாது!" அவர் கணவர் மார்க் சமையலறை வாசலில் நின்றே ஒன்பது வடை சாப்பிட்டார்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். நான் போகவில்லை. மித்ராவுக்கு மூக்கு ஒழுகியது என்பது சாக்கு. உண்மையில் என்னால் அவளை விட்டு நகர முடியவில்லை. சனிக்கிழமை மாலை கையில் எடுத்த போனை நான் கீழே வைக்கவேயில்லை. திங்கட்கிழமை டேகேர் கேமராவை அலுவலகத் திரையின் ஓரத்தில் நிரந்தரமாகத் திறந்துவைத்தேன். "இனிமே அந்த விளையாட்டெல்லாம் வேண்டாம்," என்று கார்த்திக்கிடம் சொன்னேன். ஒன்றரை வருடம் ஒவ்வொரு மணியாகச் சேர்த்ததெல்லாம் இரண்டு நாளில் போய்விட்டது.

திங்கட்கிழமை மாலை நஸ்ரீன் அக்கா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு துக்கம் கேட்கப் போனார். ஏழு நாள் துக்கம் காக்கும் வீடு அது. நான் வாசலில் நின்று மணியை அடித்துக்கொண்டே இருந்தேன். அந்த ஏழு நாளும் கதவு திறந்தே இருக்கும், யாரும் மணி அடிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. உள்ளே போனால் எல்லோர் கையிலும் தட்டு தட்டாகச் சாப்பாடு. நான் வெறுங்கையோடு போயிருந்தேன். நம் பக்கம் சாவு வீட்டுக்குப் பலகாரம் தூக்கிக்கொண்டு போனால் அடிக்க வருவார்களே! மார்க் ஒரு தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துக்கத்தில் இருப்பவர் முதலில் பேசும் வரை வந்தவர்கள் பேசக் கூடாது என்று நஸ்ரீன் அக்கா காரிலேயே சொல்லியிருந்தார். உட்கார்ந்தேன். காத்திருந்தேன். மார்க் என் கைகளைப் பார்த்தார்.

"வடை இல்லையா?" என்றார்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்த பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். போன் அணைந்திருந்தது, நான் பார்க்கவில்லை, பார்க்காத நேரத்தில்தான் இப்படி ஆயிற்று. மார்க் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கயல், நான் அவளுக்கு எதிர் நாற்காலியில உக்காந்திருந்தேன்," என்றார். "பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."



சனிக்கிழமை ஏழாம் நாள். அன்று காலை வழிபாடு முடிந்ததும் துக்கம் காத்தவர்கள் எழுந்து, வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களை ஒரு சுற்று நடந்து வருவார்கள். உலகத்துக்குள் மறுபடி காலெடுத்து வைப்பதாக அர்த்தம். நெருங்கியவர்கள் கூட நடப்பார்கள். மார்க் என்னையும் அழைத்திருந்தார்.

அன்று விடிந்தபோது மித்ராவுக்கு நூற்றொரு டிகிரி ஜுரம்.

சனிக்கிழமை. குழந்தைக்கு ஜுரம். ஜூடியின் வீட்டில் எல்லோர் போனும் அணைந்திருக்கும். நான் செருப்பைப் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும் வாசலில் நின்றேன். கார்த்திக் டைலனால் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "எனக்கும் எம்.எல். அளக்கத் தெரியும். நீ போ." போனைக் கைப்பையில் வைத்தேன். எடுத்தேன். அணைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டேன், மனம் மாறுவதற்குள்.

ஓய்வு நாளில் அவர்கள் தெருவில் யாரும் கார் எடுப்பதில்லை என்பதால், இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன். நாங்கள் பத்துப் பேர். மார்க் முன்னால் நடந்தார். பத்து நிமிடத்தில் ஒரு சிக்கல் தெரிந்தது. ஜூடியின் பகுதியில் தெருக்கள் எதையும் சுற்றிக்கொண்டு போவதில்லை. ஒவ்வொன்றும் வளைந்து வளைந்து போய் ஏதோ ஒரு கராஜ் வாசலில் முடிந்துவிடுகிறது. வந்த வழியே திரும்ப மார்க் சம்மதிக்கவில்லை. சுற்றுதான் நடக்க வேண்டும் என்றார். குளக்கரைப் பாதையில் இறங்கி, ஒரு வேலியைச் சுற்றி, எங்களில் யாருமே பார்த்திராத டவுன்ஹவுஸ் வரிசைக்குள் வந்து சேர்ந்தோம். பத்துப் பேரிடமும் ஒரு போன் கிடையாது. மேப் கிடையாது.

"இருபது வருஷமா இங்க இருக்கேன்," என்றார் மார்க். "ஜூடிதான் வழி சொல்லுவா. தப்பாத்தான் சொல்லுவா. ஆனா சத்தமா சொல்லுவா."

தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், கறுப்பு உடையில் கும்பலாக வரும் எங்களைப் பார்த்து, "விக்கிற வீடு, ஓப்பன் ஹவுஸ் பாக்க வந்தீங்களா? அது அடுத்த தெரு," என்றார்.

"இல்லை," என்றார் மார்க், "எங்க வீட்டையே தேடிக்கிட்டிருக்கோம்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். உடனே கை தானாகப் பைக்குள் போயிற்று. ஒன்றுமில்லை. மறுபடியும் துழாவினேன். மார்க் பக்கத்தில் வந்தார்.

"என்ன?"

"மித்ராவுக்கு ஜுரம்."

"யாரோட இருக்கா?"

"அவ அப்பாவோட."

"சரி, அவளுக்கு ஜுரம். உனக்கு என்ன?"

யோசித்தேன். எனக்கு ஒன்றுமில்லை. கால் வலித்தது, அவ்வளவுதான். மே மாத வெயில் இதமாக இருந்தது. நடந்தேன்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து, யாரோ ஒருவரின் கொல்லைப்புற வழியாக ஜூடியின் வீட்டைக் கண்டுபிடித்தோம். மார்க் கதவைச் சாத்தினார், ஏழு நாளுக்குப் பிறகு முதல் முறையாக. அங்கேயும் துக்க வீட்டில் விடைபெறும் வழக்கம் இல்லை. நம்மைப் போலவே 'போய் வருகிறேன்' என்று சொல்லாமல் கிளம்ப வேண்டும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

இதைப் படிக்கும் அம்மாக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஜுரம் அன்று சாயங்காலமே இறங்கிவிட்டது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு அது தெரியாது.

எங்கள் காம்ப்ளெக்ஸுக்குத் திரும்பும் சாலையில் வண்டிகள் நின்றுவிட்டன. காட்டு வாத்துக் குடும்பம் ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் மஞ்சள் பஞ்சுருண்டைகளாகக் குஞ்சுகள். எனக்கு முன்னால் நின்ற காரில் ஓட்டுநரின் தலை மடியை நோக்கிக் குனிந்தது. பக்கத்துக் காரிலும் அப்படியே. நான் குனிய ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் குஞ்சு நடுச்சாலையில் நின்று, எதற்கோ ஒரு முறை தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, பிறகு மெல்ல ஏறிப் புல்லுக்குள் போயிற்று. தாய் வாத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரில் நான் மட்டும்தான். துக்க வீட்டில் சொல்லக் கூடாததை அங்கே உட்கார்ந்து தமிழில் சொன்னேன்.

போய் வாங்க, ஜூடி.